இரண்டாவது ரிமோட்

அமுதவள்ளி அக்காவின் கார் தானாகக் கத்துவதில்லை, யாரோ கத்த வைக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது மூன்றாம் மாடி தனலெட்சுமி ஆன்டி. அவருக்குச் சொன்னது கீழே காவலுக்கு நிற்கும் ஜாகா. ஜாகாவுக்கு யார் சொன்னார்கள் என்று ஆன்டி கேட்கவில்லை.

"அவ தங்கச்சிதாம்மா, உஷாராணி. சாயங்காலத்துல வந்து தூணுக்குப் பின்னால நிக்கிறாளாம். ரிமோட்டை அமுக்கிட்டு அப்படியே போயிடுறாளாம். நான் பாக்கல. ஜாகா சொன்னாரு."

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில், அமுதவள்ளி அக்கா வீட்டில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வேலை அனுமதியில் வந்தவள். வந்த புதிதில் கீழே அலாரம் அலறும்போதெல்லாம் திருட்டு, போலீஸ், பாஸ்போர்ட் என்று மனம் வரிசையாக ஓடும். கை தானாகக் கைப்பையைத் தேடும். அக்கா சிரிப்பார்.

"கத்துறது என் கார். நீ ஏம்மா நடுங்குற?"

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மணப்பெண்ணுக்குச் சேலை கட்டுவது தொழில். சுங்கை வேயிலிருந்து ஜெஞ்சாரோம் வரைக்கும் அவர் கையால் கொசுவம் வைத்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். அதில் சிலர் இப்போது தங்கள் மகளுக்குக் கட்டிவிடக் கூப்பிடுகிறார்கள். சேலைக்கு அக்கா, தலை அலங்காரத்துக்கு உஷாராணி. அப்படித்தான் இருவரும் தொழில் செய்தார்கள். விடியும் முன்பே ஒரே காரில் போய், ஒருவர் மடிப்பு எடுக்க, இன்னொருவர் சடை பின்னிப் பூ சுற்றுவார். இருவருக்கும் அது ஒன்றுதான் கார், ஒரு பழைய வெள்ளை மைவி. பக்கத்து பிளாக்கில் ஒரு கார் திருடு போன பிறகு எங்கோ ஒரு கடையில் கொடுத்து அலாரம் போட்டார்கள். பெட்டிக்குள் இரண்டு ரிமோட் இருந்தன. ஆளுக்கொன்று.

பிறகு உஷாராணி ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் முறிந்திருந்தது. அக்கா சம்மதிக்கவில்லை. வாய் வார்த்தை முற்றியது. "அந்தக் கல்யாணத்துக்கு ஒரு ஊசிகூட நான் எடுத்துத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உஷாராணி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ரிமோட் அந்தக் கைப்பைக்குள் இருந்தது. பதிவுத் திருமணத்தில் அவருக்கு யார் சேலை கட்டிவிட்டார்கள் என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. செமினியில் இருப்பதாகக் கேள்வி. அவ்வளவுதான்.

இதையெல்லாம் அக்கா ஒரே நாளில் சொல்லவில்லை. பூ கட்டும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம் என்று வந்தது. ஆனால் சொல்லாமலே ஒன்றைக் கவனித்திருந்தேன். கார் பூட்டினால் ஒரு 'கீச்', திறந்தால் இரண்டு 'கீச்'. மழை பெய்த மாலைகளில் கீழே யாரும் இல்லாமலே இரண்டு கீச் கேட்கும். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். கார் பக்கம் பார்க்க மாட்டார். தூண்களைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "பூனையா இருக்கும்" என்பார்.

பூனை எப்படிக் காரைத் திறக்கும் என்று நான் கேட்டதில்லை.

அடுக்குமாடி நிர்வாகம் கார்க் கண்ணாடியில் எச்சரிக்கை ஒட்டியது. எதிர் வீட்டுக்காரர் மலாயில் கத்தினார். "அந்த அலாரத்தைக் கழட்டிப் போடுங்களேன் அக்கா" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "கத்தட்டும்மா. கத்துனாத்தானே காருக்கு உயிர் இருக்குன்னு தெரியும்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணம். உஷாராணி போன பிறகு கொண்டைக்கு ஆள் கிடைக்காத நாட்களில் ஊசி எடுத்துக் கொடுக்க நான் கூடப் போவேன். பெண் வீட்டில் அக்கா முழங்காலிட்டு மடிப்பை நீவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் அலறத் தொடங்கியது. ரிமோட்டை அமுக்கினால் நிற்கும், மறுபடி அலறும். பெண்ணின் மாமா எட்டிப் பார்த்தார்.

"ஆன்டி, நாதஸ்வரக்காரங்களை வேணாம்னு சொல்லிறட்டா? உங்க கார் நல்லா வாசிக்குது லா!"

வீடே சிரித்தது. பெண்ணும் சிரித்து, மடிப்பு ஒன்று கலைந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாயில் ஊசியைக் கவ்வியிருந்தார்.

எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்பிய பிறகு சத்தம் நின்றது. கூடவே காரும் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் எரிகிறது, என்ஜின் அசையவில்லை. மறுநாள் ஜெஞ்சாரோமில் இன்னொரு பெண். ஊசிப் பெட்டி, சவுரி, இஸ்திரி எல்லாம் காரில் இருந்தன. போகிற போக்கில் மாமாதான் பக்கத்துத் தெருக் கடையிலிருந்து லோகனை அனுப்பினார்.

லோகன் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஸ்டீரிங்குக்குக் கீழே தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, அங்கிருந்தே பேசினார்.

"யாருக்கா இதைப் போட்டது? வயரைத் தோரணம் கட்டி விட்டிருக்கான்."

கறுப்பாக ஒரு சின்னப் பெட்டியை இழுத்து வெளியே எடுத்தார். சாய்த்ததும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்தது.

"முன் கண்ணாடி ஓரம் ஒழுகுது. மழைத் தண்ணி நேரா இதுக்குள்ள இறங்கியிருக்கு. அதான் தானா பூட்டும், தானா திறக்கும், தானா கத்தும். இப்போ ஸ்டார்ட் ஆக விடாமலும் தடுத்துட்டு நிக்குது. திருடன்னு நினைச்சுக்கிச்சு உங்களை."

"தானாவா?" என்றார் அக்கா.

"தானாத்தான்."

"யாரும் அமுக்காமலேயே?"

"யாருக்கா அமுக்குவா? பேயா?" லோகன் சிரித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஆனா யாராச்சும் நெசமா அமுக்கினாலும் இதே மாதிரிதானே கேக்கும்?"

லோகன் பிடரியைச் சொறிந்தார். "அது... கேக்கும்தான்."

எனக்கு அக்காவைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக, கார் இன்றைக்கு ஓடுமா என்று கேட்டேன்.

"ஓட வெச்சிடலாம் சிஸ்டர். இதை மொத்தமா கழட்டிட்டு வயரை நேரா சேர்த்தா, இனிமே ஒரு சத்தமும் வராது."

"வேண்டாம்" என்றார் அக்கா, நான் வாயைத் திறக்கும் முன்பே.

"அப்போ இதே மாதிரிப் பெட்டி ஒண்ணு கடையில கிடக்கு. இந்த ரிமோட்டே அதுக்கும் ஒத்துக்கும். ஆனா புதுப் பெட்டிக்கு இது எந்த ரிமோட்டுன்னு தெரியாது, நாமதான் சொல்லித் தரணும். ரெண்டு இருந்தா ரெண்டையும் ஒரே தடவையில அமுக்கிக் காட்டணும். இன்னொண்ணு எங்க?"

"இன்னொண்ணு... தங்கச்சிகிட்ட."

"சரி, இப்போ இதை மட்டும் போட்டுக்குவோம். அப்புறமா அவங்க வரும்போது ரெண்டையும் கொண்டாங்க, மறுபடி சேர்த்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அக்கா வெறும் பந்தலுக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சேலை முந்தானையில் குத்தியிருந்த ஊசி ஒன்றைத் திறந்து திறந்து மூடினார்.

"அதுக்குள்ள அவ வந்தா?"

லோகனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவ வந்து, தூரமா நின்னு அமுக்கிப் பாத்து, கார் ஒண்ணும் சொல்லலன்னா என்ன நினைப்பா? அக்கா என்னைக் காருல இருந்துகூட எடுத்துட்டான்னு நினைக்க மாட்டாளா?"

உஷாராணி நம் பிளாக்குக்கு வருவதே இல்லை, அது தண்ணீர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். பெட்டியிலிருந்து வழிந்தது என் கண் முன்னால்தான் இருந்தது. ஆனால் வெளியூரில் இருப்பவளுக்கு இது தெரியும்: யாராவது நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லாதபோது, ஒரு சின்னச் சத்தம் போதும்.

"அக்கா, கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன். "ரிமோட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்."

"அது மட்டும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"செமினியில இருந்து இங்க வரணுமே. சனிக்கிழமை. ரோடு ஜாமா இருக்கும்."

"அக்கா."

லோகன் ஏதோ புரிந்தவர் போல எழுந்தார். "நான் போய்ப் பெட்டியை எடுத்துட்டு வரேன். மெதுவாப் பேசுங்க. அவங்க வர்றதா இருந்தா கடையைத் திறந்து வெச்சிருப்பேன், பிரச்சனை இல்ல."

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்தது. அக்கா தன் கைப்பேசியை எடுத்து அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார். தேட வேண்டியிருக்கவில்லை, மேலேயே இருந்தது. சண்டைக்குப் பிறகு ஒரு தடவைகூட அழைத்ததில்லை, ஆனால் நட்சத்திரக் குறி போட்டு, அந்தப் பெயர் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னன்னு ஆரம்பிக்க? 'உஷா, அக்கா பேசுறேன்.' அவளுக்குத் தெரியாதா அக்கான்னு?" தனக்குள் ஒத்திகை பார்த்தார். "'உஷா, அந்த ரிமோட் வெச்சிருக்கியா?' திருடிட்டுப் போன மாதிரி இருக்கும்." தலையை ஆட்டி அழித்தார். "'உஷா, நாளைக்கு ஜெஞ்சாரோம்ல ஒரு பொண்ணு. நீளமான முடி. கொண்டை போட ஆளில்ல.'"

"அதுவே நல்லா இருக்கு" என்றேன்.

"ரிமோட்டு?"

"அதை அப்புறம் சொல்லிக்கலாம்."

பெயரை அமுக்கினார். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மேல் நெற்றியில் ஒட்டியிருந்த மல்லிகைக் காம்பைத் தட்டிவிட்டார், எதிரே யாரோ வந்து நிற்பது போல. காரின் கதவு திறந்தபடி இருந்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே வயர்கள் தொங்கின. ஈரப் பெட்டி வாசல் படியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் லேசாகக் கேட்டது. அக்காவின் இன்னொரு கை, ரிமோட்டைப் பிடித்திருந்த கை, அதன் பொத்தானின் மேலேயே இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.