பக்கத்துத் தோட்டத்துத் தவுக்கே அடித்த மருந்து

ஜூன் மாதம் மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும். அதனால் பொழுது விடியும்போதே நான் தோட்டத்தில் இருப்பேன். நேற்று விரல் நீளம் இருந்த வெண்டைக்காய் இன்று பறிக்கிற பருவத்தில் நிற்கும். பயத்தங்காய்ப் பந்தலுக்குள் நுழைந்தால் தலையிலும் தோளிலும் காய்கள் இடிக்கும். சிங்கப்பூர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஏக்கரில் காய்கறி போட வந்தவளைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளட்டும். கூடை நிறையக் காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கு வருகிற சந்தோஷம் எந்த ஏசி அறையிலும் கிடைத்ததில்லை.

அந்த வாரம் மட்டும் சந்தோஷத்தோடு பயமும் இருந்தது. இயற்கைத் தோட்டம் என்று சான்றிதழ் தர வியாழக்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது. மூன்று வருடம் ஒரு சொட்டு ரசாயனம் படாமல் நான் காத்த மண். இலையைக் கிள்ளிக்கொண்டுபோய்ச் சோதிப்பார்கள். பூச்சி மருந்து இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து மூன்று வருடம். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது, தோட்டத்தையே மூடிவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டம் ஒரு சீனருடையது. எழுபதை நெருங்கியவர். தமிழர்கள் வேலை செய்த எஸ்டேட்டில் வளர்ந்ததால் தமிழ் தாராளமாகப் பேசுவார். நான் அவரை, முதலாளி என்ற அர்த்தத்தில், தவுக்கே என்பேன், அவர் என்னைத் தங்காச்சி என்பார். அவர் போட்டிருந்தது வெள்ளரி. வாரம் இரண்டு தடவை முகமூடி கட்டிக்கொண்டு மருந்தடிப்பார். அது என் பக்கம் வராமல் இருக்க நடுவில் இரண்டு வரிசை வாழை வைத்திருந்தேன். என் கீரையில் இருக்கும் ஓட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம், "தங்காச்சி, உன் பூச்சிங்க நல்லா கொழுத்துப் போச்சுலா" என்று சிரிப்பார்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு டவுனுக்கு ஓடினேன். சரி செய்து திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், என் பயத்தங்காய்ப் பந்தலுக்குள் தவுக்கே. முகத்தில் முகமூடி, முதுகில் மருந்துப் பம்பு. சர் சர்ரென்று அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "ஐயோ தவுக்கே! என்ன காரியம் பண்றீங்க? யாரு உங்கள உள்ள வரச் சொன்னா? மூணு வருசம் தவுக்கே, மூணு வருசம்!" என்று கத்திக்கொண்டே போனேன். தமிழ் போதாமல் மலாயிலும் திட்டினேன். அவருடைய வெள்ளரிக்காயைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவர் எனக்கு முன்னால் காற்றில் ஒரு தடவை அடித்துக் காட்டினார். அவ்வளவுதான், தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்றா இரண்டா, ஏழு தும்மல். இஞ்சி, பூண்டு, சிலி பாடி மிளகாய் மூன்றையும் அரைத்து நீல டிரம்மில் ஊறவைத்து, திங்கள்தோறும் வெயில் ஏறுமுன் நானே அடிக்கும் கரைசல்! முதுகில் இருந்த பம்பும் என்னுடையதுதான். பம்பு வாரில் நான் சுற்றிவைத்த பழைய சேலைத் துணி கண்ணெதிரே தெரிந்தது. அதுவரை கோபத்தில் எதுவும் கண்ணில் படவில்லை.

"திங்கக்கெழம நீ அடிக்கிற நாளு. நீ இல்ல, வெயிலு ஏறுது. அதான் உன் டிரம்ல எடுத்து அடிச்சேன்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. தும்மலுக்கு நடுவே சிரிப்பும் வந்து நிற்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது.

"மன்னிச்சிக்குங்க தவுக்கே. உங்க மருந்துன்னு நெனச்சிட்டேன்."

அவர் முகமூடியைக் கீழே இறக்கினார். சிரிக்கவில்லை.

"என் மருந்த உன் காயில அடிப்பேனா? நீ காய் குடுக்குற டவுன் கடையில என் மக வாரா வாரம் உன் காயத்தான் வாங்குறா. நான் போடுற காய எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்க, தங்காச்சி."