கையெழுத்திட முடியாத மிஸி

கிழக்கு லண்டனின் பார்க்கிங் நிலையத்தில் ரெயின் ஏறினால் பெர்னடெற்றுக்கு இருக்கை கிடைக்கும். இருக்கை கிடைத்தால் கனவும் வரும். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. கண் பாதி திறந்தபடிதான் இருக்கும். ரெயின் வெளிச்சத்தை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கும் கணத்தில், எதிர்க் கண்ணாடியில் அவளுடைய நோயாளிகள் ஒவ்வொருவராக வருவார்கள். சக்கர நாற்காலி இல்லாமல் வருவார்கள். ஊன்றுகோல் இல்லாமல் வருவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு காலாற நடப்பவர்களைப் போல, அவசரமே இல்லாமல், அந்தக் கறுத்த கண்ணாடிக்குள் நடந்து போவார்கள். இறங்கவேண்டிய நிலையம் வந்ததும் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு அவள் எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

பெர்னடெற் மன்னாரில் பிறந்தவள். லண்டனுக்கு வந்து நர்ஸ் ஆனவள். எங்கள் ஆட்கள் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் ஊருக்கெல்லாம் மிஸிதான். நரம்பு நோய்ப் பிரிவில், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற வருத்தம் வந்தவர்களைப் பார்ப்பது அவளுடைய வேலை. இரக்கமில்லாத வருத்தம் அது. ஒருநாள் கண்ணை மறைக்கும், ஒருநாள் காலைக் கட்டும், பிறகு ஒன்றும் நடக்காதது போல விட்டுப் போய், மறுபடி வரும்.

அவள் தன் கலியாணத்தைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசியதில்லை. எங்கள் கத்தோலிக்க வீடுகளில், கோயிலுக்கு வெளிக்கிடும் முன் மணமகள் பெற்றோருக்கு முன்னால் முழந்தாளிடுவாள். தகப்பன் அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை அடையாளம் இடுவார். அதன் பிறகுதான் வாசல் தாண்டுவது. பெர்னடெற்றின் தகப்பன் அன்று மன்னாரில் இருந்தார், அவள் லண்டனில் இருந்தாள். பங்குத்தந்தையின் வீட்டு ரெலிபோனில் அவர் குரல் வந்து வந்து போனது. "உன்ர விரலை எடு பிள்ளை. நெத்தியில வை. நான் சொல்லச் சொல்லப் போடு" என்றார். வெள்ளை உடுப்போடு, ஒரு கையில் ரெலிபோனைப் பிடித்தபடி, அவள் தன் நெற்றியில் தானே சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தத் தகப்பனை அதற்குப் பிறகு அவள் காணவில்லை. அந்தக் கணவனும் நெடுங்காலம் இருக்கவில்லை. ஆனால் நெற்றியில் அந்த இடம் மட்டும், ஏதோ இன்னும் வரவேண்டியிருப்பது போல, சில வேளைகளில் குறுகுறுக்கும்.

2009 ஆம் ஆண்டின் கோடையில் கிறிஸ்துநாயகம் அவளுடைய அறைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தவர். ஜேர்மனியில் பல வருடம் எலக்ரீசியனாக வேலை செய்து, பிறகு குடும்பத்தோடு பார்க்கிங்குக்கு வந்தவர். மனைவி கத்தரின் அவருடைய கைப்பிடியாகவே வந்தாள். அவருக்குக் கால்கள் இரண்டும் இறுகி, கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிரித்து வைக்கக் கத்தரினுடைய முழுப் பலமும் வேண்டும்.

"மிஸி, எனக்கு உங்கட விளக்கம் தேவையில்லை," என்றார் அவர். "வயருக்கு மேல இருக்கிற பிளாஸ்ரிக் உரிஞ்சு போச்சு. கரண்ட் கண்டபடி பாயுது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அண்ணை."

"நான் எத்தினை வீட்டுக்கு வயர் மாத்தினனான். என்னை மாத்த ஒருத்தனும் இல்லை."

கத்தரின் சிரிக்கவில்லை. "மிஸி, ஒக்டோபரில மூத்தவள் ஜெஸ்ரினுக்குக் கலியாணம். இவர் கதிரையில இருந்துகொண்டு சிலுவை போடமாட்டாராம். எழும்பி நிண்டுதான் போடுவாராம். ஒரே பிடிவாதம்."

"என்ர அப்பர் எனக்கு எழும்பி நிண்டு போட்டவர்," என்றார் கிறிஸ்துநாயகம். பகிடி குரலை விட்டுப் போயிருந்தது. "நான் பிள்ளைக்கு இருந்து போட்டால், அவள் அதையெல்லோ கொண்டுபோவாள்."

அந்த வருடம் வைகாசியில் யுத்தத்தோடு ஊரில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. லண்டனில் தமிழர் வீடுகளில் கலியாணப் பேச்சு எடுக்கவே கூச்சப்பட்டார்கள். இந்த வீட்டில் மட்டும் திகதியை மாற்றவில்லை. தள்ளிப்போட்டால் அவரால் நிற்கவே முடியாமல் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெர்னடெற் நெற்றியைத் தடவிக்கொண்டாள். பிறகு தன் கலியாணக் கதையை அவர்களுக்குச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கத்தரின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கிறிஸ்துநாயகம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில வாரங்களில் குளிசை, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. இறுக்கத்தைத் தளர்த்தும் அளவுக்குக் கொடுத்தால் கால் வாழைத்தண்டு போலத் துவளும், மனிதர் நாள் முழுக்கத் தூங்குவார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். நாக்கின் கீழ் தெளிக்கும் ஒரு மருந்து. இங்கே அதற்கு இன்னும் அனுமதிப் பத்திரம் கிடைக்கவில்லை; ஆனாலும் ஒரு டொக்டர் தன் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டால் அந்த ஒரு நோயாளிக்கென்று எடுப்பிக்கலாம்.

"என்ன மருந்து மிஸி அது?"

"கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிறது."

"மாதாவே!" என்று கத்தரின் சிலுவை போட்டாள். "ஜேர்மனியில பக்கத்து அறைப் பெடியன் கஞ்சா இழுத்தானெண்டு இவர் கன்னத்தைப் பொத்தி அறைஞ்சவர்!"

"அவனைத் தேடி மன்னிப்புக் கேக்கவேணும் போல கிடக்கு," என்றார் கிறிஸ்துநாயகம்.

"பகிடியை விடுங்கோப்பா. மிஸி, அப்ப நீங்களே எழுதித் தாங்கோவன். போன முறை குளிசைக்கு நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

உண்மைதான். பெர்னடெற் அதற்கென்று படித்துச் சோதனை பாஸ் பண்ணியவள். பல மருந்துகளுக்கு அவளுடைய கையெழுத்தே போதும். இதற்குப் போதாது. சட்டம் டொக்டரின் பேனாவை மட்டும்தான் நம்பியது. இப்படியான மருந்துகளுக்கும் நர்ஸ்மாருக்கு உரிமை கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சு பேச்சாகவே இருந்தது.

"எனக்கு ஏலாது கத்தரின். டொக்டர்தான் வைக்கவேணும்."

அந்தப் பிரிவின் டொக்டர் பத்ரிநாராயணன் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். பெர்னடெற் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிஸ்டர், இது இன்னும் லைசன்ஸ் ஆகாத மருந்து. தலை சுத்தும், மனசு குழம்பும், விழுந்து கிழுந்து வச்சார்னா யார் பதில் சொல்றது? நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட எழுதினது இல்ல. யோசிக்கிறேன்."

யோசிப்பதற்குள் ஓகஸ்ட் வந்தது. பெர்னடெற் தன் மேசையில் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் சும்மா இருந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியது. அந்தப் பாதிக் கனவில் அவள் பேனாவை எடுத்தாள், எழுதினாள், கையெழுத்திட்டாள். தூரத்தில் ஒரு மனிதர் கதிரையை விட்டு எழும்பினார். கண்ணைத் திறந்தபோது சீட்டு வெள்ளையாகவே கிடந்தது. நல்ல வேளை. எழுதியிருந்தால் மருந்தகம் திருப்பி அனுப்பியிருக்கும், நர்ஸ் என்ற பெயரும் அவளை விட்டுப் போயிருக்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினாள்.

"டொக்டர் இன்னும் யோசிக்கிறார்," என்று கத்தரினுக்கு ரெலிபோனில் சொன்னாள். "கையெழுத்து வைக்கப் பயப்பிடுறார்."

"அவ்வளவுதானே?" என்றாள் கத்தரின். "நான் பாக்கிறன்."

அவள் பார்த்த வேலையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஊரில் ஒரு காரியம் சரிவரவேண்டுமென்றால், ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்கே ஜே.பி. என்கிற சமாதான நீதவான் கையெழுத்து வைப்பார், கிராம சேவகர் வைப்பார், சுவாமியார் வைப்பார். ஒரு பெரிய கையெழுத்து கிடைக்காவிட்டால் பல கையெழுத்துகளை அடுக்கினால் போதும் என்பது கத்தரினின் திடமான நம்பிக்கை.

மறு வியாழன் அவள் பெர்னடெற்றின் அறைக்குள் தனியாக வந்தாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை.

"இதென்ன?"

"எல்லாம் சரி மிஸி. இது வைத்தியநாதன் ஐயா. யாழ்ப்பாணத்தில ஜே.பி.யா இருந்தவர், இப்ப ஹரோவில மகனோட. சீல் இன்னும் கையில வைச்சிருக்கிறார். கழுத்தில ரை கட்டாமல் சீல் குத்தமாட்டன் எண்டு அறைக்குள்ள போய் ரை கட்டிக்கொண்டு வந்தவர். இது எங்கட சுவாமி. இது தமிழ்ப் பள்ளிக்கூடத்து அதிபர். 'மேற்படி நபர் கஞ்சா பாவிக்கத் தகுதியானவர்' எண்டு மூண்டு பேரும் எழுதித் தந்திருக்கினம்."

பெர்னடெற்றுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "கத்தரின், சுவாமி கஞ்சாவுக்குக் கையெழுத்து வைச்சவரோ?"

"முதல் என்னைப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னவர். பிறகுதான் விசயத்தைக் கேட்டவர்."

சிரிப்பு நின்றபோதுதான் பெர்னடெற்றுக்கு அது உறைத்தது. இந்தக் கத்தரின் கணவனுடைய வருத்தத்தை இவ்வளவு காலமும் யாருக்கும் மூச்சு விடாதவள். கோயிலில் அவர் தடுமாறி விழுந்தபோது, சனம் குடி என்று கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டவள். வருத்தம் என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். அவள்தான் இப்போது வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கிறாள்.

"மாப்பிளை வீட்டுக்கும் தெரிஞ்சிருக்குமே," என்றாள் பெர்னடெற்.

"நானே போய்ச் சொன்னன்," என்றாள் கத்தரின். தலை குனிந்திருந்தது. "மாப்பிளையின்ர தாய் எழும்பிப் போய் அடுப்பில தண்ணி வைச்சவ. கொஞ்ச நேரத்தாலை, 'தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, நானும் கையெழுத்து வைக்கவோ?' எண்டு கேட்டவ. நாலாவது தாள் அவதான்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். தாதியும் வருத்தக்காரனின் மனைவியும் என்ற வித்தியாசம் அந்த அறையில் அப்போது இருக்கவில்லை.

பெர்னடெற் அந்த உறையை டொக்டரின் மேசையில் வைத்தாள். இதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை என்று தெரியும், ஆனாலும் வைத்தாள். கத்தரின் செய்ததை முழுக்கச் சொன்னாள்.

பத்ரிநாராயணன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஜே.பி.யின் ஊதா சீலைக் கண்டு முதலில் சிரிப்பில் உதடு துடித்தது. பிறகு தாள்களை நேராக அடுக்கி வைத்தார். யன்னலுக்கு வெளியே மேகம் ஒன்று விலகி, மேசை முழுக்க வெயில் வந்து விழுந்தது.

"வேடிக்கையா இருக்கு சிஸ்டர்," என்றார் மெதுவாக. "அதிகாரம் இல்லாத நாலு பேரு தைரியமா கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதிகாரம் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான் பயந்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

"நீங்கள் பயப்பிடுறதிலயும் நியாயம் இருக்கு டொக்டர்."

"ஆமா, இருக்கு. அதனால அவரை நானே முழுசா பரிசோதிக்கணும். மனநோய் ஏதாவது குடும்பத்துல இருந்திருக்கான்னு கேக்கணும். வாரா வாரம் நீங்க பார்க்கணும். பலன் இல்லேன்னா நிறுத்திடணும். சம்மதமா?"

"சம்மதம்."

"ஒருநாள் உங்க கையெழுத்தே போதும்னு ஆயிடும் சிஸ்டர். அன்னைக்கு என்னை விட்ருங்க," என்று சிரித்தபடி அவர் பேனாவைத் திறந்தார்.

மருந்து வந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. "புதினா போட்ட வேப்பங் கசாயம்," என்று கிறிஸ்துநாயகம் முகத்தைச் சுளித்தார். தலை சுற்றுகிறது என்றார். கூரை மிதக்கிறது என்றார். பெர்னடெற் அளவைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டினாள். செப்டம்பர் நடுவில் ஒருநாள் காலையில் கத்தரின் பெர்னடெற்றுக்கு ரெலிபோன் எடுத்தாள். "மிஸி, இண்டைக்கு நான் காலைப் பிரிச்சு வைக்கேல்லை. தானாய்ப் பிரிஞ்சு கிடக்கு," என்றாள். அற்புதம் என்று சொல்லமுடியாது. அவர் நடக்கவில்லை, ஓடவில்லை. இறுகிப் பூட்டியிருந்த ஒரு கதவு கொஞ்சம் நீங்கியது, அவ்வளவுதான்.

கலியாண நாள் காலையில் பார்க்கிங் வீட்டின் முன்னறை மல்லிகையும் மெழுகுதிரியும் மணத்தது. அழைப்பு வந்து பெர்னடெற்றும் அங்கே நின்றாள். பனிமூட்டம் யன்னல் வரை வந்து நின்றது. தெருவே கனவுக்குள் கரைந்துபோனது போல இருந்தது. ஜெஸ்ரின் வெள்ளை உடுப்பு விரியப் பாயில் முழந்தாளிட்டாள். கிறிஸ்துநாயகம் கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்தார். வலது கால் துடித்தது. கத்தரின் பாய்ந்து தோளைத் தாங்கப் போனாள்.

"விடும்," என்றார் அவர்.

அவர் எழும்பினார். நெடுநெடுவென்று எழும்பினார். அவர் இவ்வளவு உயரம் என்று பெர்னடெற்றுக்கு அதுவரை தெரியாது. குனிந்து, பெருவிரலால் மகளின் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஆறுதலாக, அவசரமே இல்லாமல் இட்டார். ஜெஸ்ரின் கண்ணை மூடியபடி விம்மினாள். "டாட், யூ ஆர் ஸ்ராண்டிங்," என்றாள். "ஓம் பிள்ளை, நிக்கிறன்," என்றார் அவர்.

எல்லோரும் வெளிக்கிடத் திரும்பினார்கள். அவர் மட்டும் கதிரையில் அமராமல் நின்றார்.

"மிஸி, இஞ்சை வாங்கோ."

"நானோ?"

"நீங்கள்தான். கெதியா வாங்கோ, கால் கனநேரம் தவணை தராது."

பெர்னடெற் பாயின் ஓரத்தில் நின்றாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய அந்தப் பெண், நீலச் சேலை மடிய, முழந்தாளிட்டாள். நடுங்கும் ஒரு பெருவிரல் அவள் நெற்றியில் வந்து பட்டது.

"ரெலிபோனில போட்டதும் செல்லும்," என்றார் கிறிஸ்துநாயகம். "எண்டாலும் ஒரு தகப்பன்ர கையாலையும் கிடக்கட்டும்."

அடுத்த கணம் அவருடைய கால் விட்டுக்கொடுத்தது. தொப்பென்று கதிரையில் விழுந்தார். "பாத்தியளே, சரியான நேரத்துக்கு இருந்திட்டன்!" என்று அவர் சொல்ல, வீடு முழுக்கச் சிரித்தது. பெர்னடெற் எழும்பவில்லை. கண்ணை மூடியபடி அங்கேயே இருந்தாள். மூடிய கண்ணுக்குள் அவளுடைய நோயாளிகள் எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முதல் தடவையாக, மன்னாரில் விட்டு வந்த ஒரு மனிதரும் மெல்ல வந்துகொண்டிருந்தார்.