சட்டைப் பையில் இருந்த கம்பி

1. ஏழு உயிர்

விமானம் துறையை விட்டுத் தண்ணீரில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் நான் செய்த பிழை எனக்குத் தெரிந்தது. உள்ளே ஆறு பயணிகள். கேப்டனோடு ஏழு உயிர். எஞ்சின் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான். முப்பத்தொரு வருடம் விமான எஞ்சினோடு மாரடித்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால் அது புளுகு.

இலங்கை மலைநாட்டில் ஏது விமானம் என்று கேட்பீர்கள். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவை வைத்த சின்ன விமானங்கள் உண்டு. ஒற்றை எஞ்சின். நோர்வூட் பக்கத்து நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பயணிகளை இறக்கி ஏற்றும். அப்படி வந்த ஒன்றில், இறங்கும் நேரத்தில் 'சிப் லைட்' எரிந்துவிட்டது. எஞ்சின் எண்ணெயில் இரும்புத் துகள் ஓடினால் அடியில் இருக்கும் காந்த பிளக் பிடித்துக்கொள்ளும். உடனே கேப்டன் முன்னால் லைட் எரியும்.

அன்று கொழும்புப் பக்கம் ஹேங்கரில், விமானக் கொட்டகையில், வேலையாக இருந்தேன். மேனேஜர் கூப்பிட்டார். "ஒங்க ஊருதானே, நீயே போ. நாளைக்கு ரெண்டு மணிக்கு முன்ன பிளேன எடுத்துறணும். அதுக்கப்புறம் மிஸ்ட் எறங்கிரும்."

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து எஞ்சின் லைசன்ஸ் வாங்கிய முதல் ஆள் நான். அது கைக்கு வர எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது. டூல் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஊருக்குப் போனேன்.

2. அத்தை கொண்டுவந்த தேத்தண்ணி

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மை மாதிரிப் பொடி, அவ்வளவுதான். மெனுவல் அதை அனுமதிக்கிறது. துடைத்து, திரும்பப் பூட்டி, குறித்த டோர்க் அளவு பார்த்து இறுக்கினேன். மிச்சம் ஒரே வேலை, லாக்வயர். பிளக் அதிர்வில் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டுவது. ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி வெட்டி, சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பிளையரைக் கையில் எடுத்தேன்.

"ராசு! டேய் ராசு! வந்தவன் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையேடா!"

அப்பாவின் தங்கை, பாக்கியம் அத்தை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்ற இடத்திலேயே செய்தி பரவிவிட்டதாம். அவருக்குப் பின்னால் லயத்து வரிசை வீட்டுச் சனம் பத்துப் பதினைந்து பேர். அத்தை கையில் மூடி போட்ட கிளாஸில் தேநீர்.

"கொஞ்சம் இருங்க அத்தை, இதோ முடிஞ்சிரும்."

"அட, ஆறிப்போயிரும்ப்பா. ரெண்டு மடக்குக் குடிச்சிட்டுப் போய்ப் பாரு. பிளேன் என்னா ஓடியா போயிரும்?"

எங்கள் பக்கத்தில் நீட்டிய தேத்தண்ணியை வேண்டாம் என்பது ஆளையே வேண்டாம் என்பதற்குச் சமம். பெரியவர்கள் கொடுப்பதை ஒரு கையால் வாங்குவதும் வழக்கமில்லை. பிளையரைப் பெட்டியில் வைத்தேன். மிதவையிலிருந்து இறங்கி, இரண்டு கையாலும் வாங்கினேன்.

அத்தை சனத்தின் பக்கம் திரும்பினார். "பாத்துக்கங்க, எங்கண்ணன் மகன். இவன் கை வச்சாத்தான் இது பறக்கும்."

பொய் சொல்வானேன், எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போனது. அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது சேர்."

முடியவில்லை. ஆனால் வாய் சொன்னதை மண்டை நம்பிவிட்டது. நேராகப் போய் எஞ்சின் மூடியைப் போட்டேன். கேப்டன் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாது. கம்பி இல்லாத பிளக் துறையில் நிற்கும்போது ஒழுகாது. பறக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்து, மலைக்கு மேலே எங்கேயோ கழன்று விழும். எண்ணெய் முழுவதும் கொட்டி எஞ்சின் நின்றுவிடும். வேலையைப் பதியும் லொக் புக்கில் லாக்வயர் என்ற இடத்திலும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

3. புறப்பட்டவர்களைக் கூப்பிடுதல்

விமானம் துறையை விட்டு நகர்ந்தது. சனம் கை காட்டியது. நான் பேனாவைப் பையில் செருகினேன். விரலில் ஏதோ குத்தியது.

கம்பி. முழுக் கம்பி. கட்டியிருந்தால் நறுக்கிப் போட்ட நுனித் துண்டுதான் மிஞ்சியிருக்கும்.

"ரேடியோவ குடுங்க!" என்று துறையைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கத்தினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. பொறப்பட்டவங்கள பின்னால கூப்பிடாத. சகுனம் ஆகாது."

நின்றேன். மூன்று நொடி இருக்கும். சகுனத்துக்காக நிற்கவில்லை. பிளக்கை இறுக்கித்தானே வைத்தேன், அரை மணி நேரம் தாங்காதா, கொழும்பில் யாரையாவது பிடித்து ஓசைப்படாமல் கட்டச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது என்று என் புத்தி கணக்குப் போட்டது. பதினொரு வருடம் உழைத்து வாங்கிய லைசன்ஸ். பின்னால் ஊர்ச் சனம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மூன்று நொடிக்காக என்னை நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

கையை உதறி ரேடியோவை வாங்கினேன். "கேப்டன், ஸ்டொப்! எடுக்க வேணாம். திரும்பி வாங்க."

"என்ன விஷயம்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

"என் பிழை. லாக்வயர் போடல" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

விமானம் திரும்பி வந்தது. பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மூடியைத் திறந்தால் பிளக் மொட்டையாக நின்றது. சனத்தின் பக்கம் நான் திரும்பவே இல்லை. கம்பியை முறுக்கிக் கட்டினேன். கேப்டனை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லி அவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அதற்குள் மிஸ்ட், மூடுபனி, இறங்கிவிட்டது. அன்று விமானம் போகவில்லை. நடந்ததை அப்படியே ரிப்போட்டாக எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன்.

மேனேஜர் போனில் குதித்தார். "சந்தேகத்துக்குத் தொறந்து பாத்தேன்னு எழுதிருக்கலாம்ல? ஏன்யா ஒன் வாயால நீயே மாட்டிக்கிட்ட?"

"நடந்தத எழுதினேன் சேர்."

"லைசன்ஸ் போயிரும், தெரியுமா?"

"தெரியும் சேர். நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி மறப்பான். அவனுக்கு இது எழுத்துல இருக்கணும்."

லைசன்ஸ் போகவில்லை. மூன்று மாதம் கையெழுத்துப் போட விடாமல், ஹேங்கர் மூலையில் பழைய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவ விட்டார்கள். கழுவினேன். கழுவக் கழுவ எனக்குள் ஒரு வைராக்கியம் ஏறியது.

4. சிவப்புத் துணி

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வேலை பாதியில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும், மேனேஜராகட்டும் அத்தையாகட்டும், விட்ட இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் இறங்குவேன். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை. மூன்று படி பின்னால் போய், செய்ததையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். வேலை முழுதும் முடிந்த பிறகுதான் துணியை அவிழ்ப்பேன். கண்ணால் பார்க்காமல் "முடிஞ்சிது" என்ற சொல்லை வாயிலிருந்து விடமாட்டேன். சில பொடியன்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, மறதி வரும். எனக்கு வந்தது, உங்களுக்கும் வரும். வந்தபின் வாயைத் திறக்கிறீர்களா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அதே துறையில் இன்னொரு விமானத்துக்கு வேலை செய்தேன். அத்தை மறுபடியும் வந்தார், இந்த முறை பிளாஸ்கோடு. துணியின் கணக்கை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். இடையில் வந்த ஒரு போனுக்காக நான் கட்டிய துணி எஞ்சினில் தொங்குவதைக் கண்டு தள்ளியே நின்றுகொண்டு, பேச்சுக்கொடுக்க வந்தவர்களை அதட்டினார். "சும்மா இருங்க. அவன் துணிய அவுக்கல."

வேலை முடித்து, துணியை அவிழ்த்து, தேத்தண்ணி குடித்தேன். விமானம் துறையை விட்டு நகர்ந்தது. அத்தை என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராசு, பையத் தடவிப் பாருப்பா. கூப்பிடணும்னா இப்பவே கூப்பிட்டுறு. தூரம் போயிறப் போகுது."

தடவிப் பார்த்தேன். பேனா மட்டும்தான் இருந்தது.