மல்சு அன்ரியின் இரண்டு குரல்கள்

பள்ளிக்கூடச் சீருடைக்கான சாம்பல்நிறக் கம்பளித் துணியை நீராவிப் பெட்டியால் அழுத்தும்போது நனைந்த ஆட்டின் வாசனை வரும். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் அம்மா வேலை செய்த தையல் தொழிற்சாலை முழுவதும் அந்த வாசனைதான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே போய், அம்மாவின் மெசினுக்குப் பக்கத்தில் துணி மூட்டையின்மேல் உட்கார்ந்து, தைத்து முடித்த பாவாடைகளில் தொங்கும் நூல்முனைகளை வெட்டிக்கொண்டிருப்பேன். எண்பதுகள் தொடங்கிய காலம், எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தமிழும், இந்த ஊர்ப் பள்ளியில் கடைசி வாங்கில் இருந்து எவ்வளவு கேட்டும் பிடிபடாத ஆங்கிலமும்தான் என் படிப்பு. ஆனால் நூல் வெட்டுவதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பெருமைக்குத்தான் சொல்லுகிறேன்.

அம்மாவுக்கு அடுத்த மெசினில் இருந்தவர் ஒரு கொரியப் பெண். மல்சுன் என்று பெயர். அம்மாவின் வாயில் அது "மல்சு" ஆகிவிட, எனக்கு அவர் மல்சு அன்ரி. அந்த நாளில் ஆக்லாந்தில் கொரியர்களைப் பார்ப்பதே அரிது. நாற்பது வயது இருக்கும், நேரான முதுகு, சின்ன முகம், அந்த முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத குரல். புதுத் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கையால் கிழிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அப்படித் தாழ்ந்து, சொரசொரத்து, சொல்லின் முடிவில் சட்டென்று நிற்கும் குரல். அவர் உடைந்த ஆங்கிலத்தில் பேசுவார், அம்மா பாதி தமிழில் பதில் சொல்லுவார், இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிடும். ஆகவே அவர் சொன்னதையெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

தேநீர் இடைவேளையை அங்கே எல்லோரும் "ஸ்மோக்கோ" என்பார்கள். பல ஸ்மோக்கோக்களில் துண்டு துண்டாகத்தான் அவருடைய கதை எங்களுக்குத் தெரிய வந்தது. தெற்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்கப் படைமுகாம்களில் மேடையேறிப் பாடத் தொடங்கினாராம். அந்த ஆங்கிலம் அங்கே பிடித்தது. பிறகு இசைத்தட்டு, வானொலி, தெருவில் இறங்கினால் கூட்டம். ஒருநாள் அவருடைய பாட்டுகள் அரசாங்கத்துக்குப் பிடிக்காமல் போய்விட, வானொலியில் நிறுத்தி, கடைகளில் இருந்த தட்டுகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். பாட முடியாதவரை, முகம் நன்றாக இருக்கிறது என்று சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள்.

"ஒன்பது படம், ஒன்பது சாவு," என்பார். "ஒருக்கா ரயில், ஒருக்கா இருமல், மற்ற ஏழும் அழுதழுதே செத்தது."

"அப்ப நீ செத்துப் பழகின ஆள்," என்பார் அம்மா. "இந்த மெசினுக்கெல்லாம் பயப்பிட மாட்டாய்."

மேற்பார்வைக்காரி வெள்ளைக்காரி. அந்தப் பக்கம் போகும்போது, "ஏய் சினிமாக்காரி, உன்ரை பொத்தான் ஓட்டை கோணல்!" என்று கத்துவாள். அன்ரி தலை நிமிராமல், "படத்திலை ஆரும் பொத்தானைப் பாக்கிறேல்லை," என்பார். அந்த வரிசை முழுவதும் சிரிக்கும். வேலை நேரத்தில் பாட்டுப் பாடுகிற சமோவாப் பெண்கள் அவரையும் பாடச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார்கள். ஒருநாளும் பாடியதில்லை.

கலியாணத்தின் கதையை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். பணக்கார வீடு. நடிகை மருமகளாக வந்ததை மாமியார் கடைசிவரை பொறுக்கவில்லை. பிரிந்தபோது, அங்கத்தைய வழக்கப்படி பிள்ளை தகப்பன் வீட்டுக்கு. இரண்டு வயது மகளை விட்டுவிட்டு வெளியே வந்தவர், கப்பல் எஞ்சினியரான ஒரு நியூசிலாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அந்த மனிதர் நல்லவர்தான், ஆனால் மாதக்கணக்கில் கடலிலேயே இருப்பார். மகளுக்கு இப்போது ஒன்பது வயது என்றும், எழுதுகிற கடிதங்களை மாமியார் பிரிக்காமலே எரிக்கிறார் என்றும், முதல் கணவனின் தங்கை ஒருத்திதான் ஒளித்து ஒளித்துச் செய்தி அனுப்புகிறாள் என்றும் அன்ரி சொன்னபோது அம்மா மெசினை நிற்பாட்டினார்.

"எழுத்து ஆருக்கு வேணும்? பிள்ளைக்குத் தாயின்ரை குரலை அனுப்பு. அந்தத் தங்கச்சிக்காரியின்ரை விலாசத்துக்குக் கசெற் அனுப்பு."

எங்கள் வீட்டு வழக்கம் அது. அம்மாவுக்கு எழுத வராது, எனக்கும் அரைகுறை. அதனால் யாழ்ப்பாணத்தில் இருந்த மாமாவுக்கு நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. ஒலிநாடாவில் பேசி அனுப்புவோம். முதலில் அப்பா, பிறகு அம்மா, கடைசியில் நான். மாமா அதைக் கேட்டுவிட்டு, அதே கசெற்றின்மேல் தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். போய்ப் போய் வருகிற ஒரே கசெற்றில், முன்னே பேசியதை அழித்துக்கொண்டே பின்னே பேசியது ஏறும். அதில் ஒரு நட்டமும் எங்களுக்குத் தெரிந்ததில்லை. கேட்டாயிற்று, பிறகென்ன?

ஒரு ஞாயிறு மத்தியானம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். இரைச்சல் விழக்கூடாது என்று குளிர்பெட்டியை நிற்பாட்டினோம். றெக்கோடரில் "பிளே", "றெக்கோட்" என்ற இரண்டு விசையையும் ஒன்றாக அழுத்தவேண்டும், அது என் வேலை. அரை மணி நேரம் அவர் தன் மொழியில் பேசினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் அசையாமல் இருந்தேன். முடிவில், யாரும் கேட்காமலே, ஒரு தாலாட்டுப் பாடினார். சமையலறை வாசலில் நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு அன்ரி சிரித்தார்.

"பத்து வருசமாச்சு பிள்ளை, நான் என்ரை குரலைக் கேட்டு."

ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. பொதியைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுக்கே வந்தார். உள்ளே ஒரு கடிதமும் இரண்டு கசெற்றும் இருந்தன. ஒன்று அவர் அனுப்பியதே. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மற்றக் கசெற்றை என்னிடம் நீட்டி, போடு என்றார்.

வயலின் ஒலிக்கு நடுவே மெல்லிய, இனிப்பான, சிறுபெண்ணின் குரல் ஒன்று அழுதழுது பேசியது.

"உங்கடை மகளோ அன்ரி?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லை. இது நான்."

எங்களுக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். அவருடைய நாட்டில் படம் எடுக்கும்போது குரலைப் பிடிப்பதில்லையாம். நடிக்கிறவர்கள் வாயசைத்துவிட்டுப் போவார்கள். பிறகு ஓர் அறையில் வைத்து, அதற்கென்றே இருக்கிற வேறு ஆட்கள் பேசிச் சேர்ப்பார்களாம். ஒன்பது படத்திலும் அவருக்குப் பேசியவள் ஒரே பெண். பாட்டுக்காரியாக நடித்த படத்தில்கூடப் பாடியது வேறு ஆள். பண்டிகை நாட்களில் தொலைக்காட்சியில் அந்தப் பழைய படங்களைப் போடும்போது, செய்தி அனுப்புகிற அந்த அத்தைக்காரி பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இதுதான் உன் அம்மா என்று காட்டி வளர்த்திருக்கிறாள். பிள்ளைக்கு அந்த முகமும் அந்தக் குரலும்தான் அம்மா. கசெற்றைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, இது அம்மா இல்லை, யாரோ கிழவி என்னை ஏமாற்றுகிறாள், திருப்பி அனுப்பு என்று அழுதாளாம். படத்தில் பேசுவது வேறு ஆள் என்று சொல்லிப் பார்த்தும் பிள்ளை நம்பவில்லையாம். எந்தக் குரலைத் தேடுகிறாள் என்று காட்டுவதற்காக, தொலைக்காட்சிக்கு முன்னால் றெக்கோடரை வைத்துப் பிடித்து அனுப்பியிருந்தாள் அத்தை.

 குரலை அனுப்பச் சொன்னது தான்தானே என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். அன்ரி எழும்பும்போது படத்தின் கசெற்றை மட்டும் கைப்பையில் வைத்தார். தன் குரல் இருந்ததை மேசையிலேயே விட்டார்.

"இது எனக்கு வேண்டாம். நீங்கள் கதைச்சு அனுப்புங்கோ."

அதற்குப் பிறகு ஸ்மோக்கோவில் அவர் எங்களோடு இருப்பதில்லை. நீராவிப் பெட்டிகளுக்குப் பின்னால், இரைச்சல் அதிகமான மூலையில் நின்று, தனக்குள்ளே பேசிக்கொண்டிருப்பார். நூல் பொறுக்குகிற சாட்டில் ஒருநாள் கிட்டப் போனேன். அந்தச் சிறுபெண்ணின் குரல் அவருடைய வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதலில் கீச்சென்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசலாக. பாடிப் பழகிய தொண்டை, வளைத்த பக்கம் வளைந்தது.

அம்மாவுக்குத் தெரிந்தபோது சண்டை பிடித்தார்.

"ஆரோ ஒருத்தியின்ரை குரலை எடுத்து உன்ரை பிள்ளைக்குக் குடுக்கிறியோ? நாளைக்கு நேரிலை கண்டா என்ன செய்வாய்?"

"கண்டாப் போதும் அக்கா. எந்தக் குரலிலை எண்டாலும்."

"சாகும்வரை நடிப்பியோ?"

"ஒன்பது தரம் நடிச்சுச் செத்தனான். இது பத்து."

புதுக் கசெற்றை எங்கள் வீட்டில் வைத்துத்தான் பேசினார். விசையை அழுத்தியது நான்தான். ஒரு மாதத்தில் பதில் வந்தது. இந்த முறை கடிதமில்லை, கசெற் மட்டும். போட்டதும் ஒரு சின்னப் பெண் தேம்பித் தேம்பித் தாயைக் கூப்பிட்டாள். அந்த மொழியிலும் அந்த ஒரு சொல் எங்களுக்கு விளங்கும். அன்ரி றெக்கோடரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அம்மாவும் நானும் அழுதோம். சந்தோசத்தில்தான் அழுகிறோம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இனிச் சொல்லப்போவதை நாற்பது வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்ரி மேசையில் விட்டுப் போன கசெற்றை அம்மா சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தார். அடுத்த மாதம், மாமாவிடமிருந்து எங்கள் கசெற் திரும்பி வரச் சுணங்கியது. ஊரில் பிரச்சினை என்று செய்தி. உடனே பேசி அனுப்பவேண்டும் என்று அப்பா அவசரப்படுத்தினார். நான் போய் அதை எடுத்து வந்தேன். அம்மா அடுப்படியில் நின்றார், நான் கேட்கவில்லை. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லமாட்டேன். மேலே வட்டமும் கோடுமாக அன்ரியின் எழுத்து இருந்தது. திரும்பி வந்த கசெற் என்றால் அதன்மேல் பேசலாம், அதுதானே வழக்கம்? அவரே வேண்டாமென்று தந்ததுதானே? அப்பா பேசினார், நான் பேசினேன். அம்மா வந்து, பார்க்காமலே, வெங்காய விலையும் என் வளர்த்தியும் பக்கத்து வீட்டு நாயும் என்று முடியும்வரை பேசினார். கடைசியில் இருந்த தாலாட்டாவது தப்பியிருக்கலாம். அன்றைக்கு அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

பதினைந்து முடிந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அங்கேயே மெசினில் இருந்தேன். இரண்டு வருடத்தில் அன்ரியின் பழைய மாமியார் இறந்துபோக, மகள் கூப்பிட, அன்ரி ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று வாசலில் நின்று எங்களிடம் விடைபெற்றார், அந்தக் கிழிபடுகிற குரலில். அதுதான் நான் அதைக் கடைசியாகக் கேட்டது. தொழிற்சாலையை எண்பதுகள் முடிவதற்குள் மூடினார்கள்; இப்போது அந்த இடத்தில் பழைய கார்கள் விற்கிறார்கள். மாமாவின் வீடும் அதிலிருந்த எல்லாமும் சண்டையில் போயின. அம்மாவும் போய்விட்டார்.

போன மாரியில் பாபகூராவில் என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஐம்பது கடந்த ஒரு பெண் நின்றார். மல்சு அன்ரியின் அதே சின்ன முகம், மகள்தான். ஒடாஹுஹுவின் பழைய விலாசத்தில் தொடங்கி, கோயிலில் விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறார். தன் அம்மா இறந்துவிட்டார் என்றார். நல்ல ஆங்கிலம், நிதானமாகப் பேசினார். தேநீரைத் தொடவே இல்லை.

"நாற்பது வருசம் ஒரே வீட்டிலை இருந்தம் அக்கா. கடைசி நாளிலை, நினைவில்லாமல், அம்மா கதைச்சா. கட்டிலிலை வேறை ஆரோ கிடக்கினம் எண்டு நினைச்சன். அப்படி ஒரு குரல். அத்தையிட்டைக் கேட்டன். அப்பதான் எல்லாத்தையும் சொன்னா."

தேநீர்க் கோப்பையை அவருக்குக் கிட்ட நகர்த்தினேன்.

"அம்மாவின்ரை குரல் இருந்த கசெற்றை நான் திருப்பி அனுப்பினனான். அது உங்களிட்டை இருக்குதாம். அம்மா ஒருக்கா அத்தைக்குச் சொன்னவவாம்."

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வரவில்லை. என்ன செய்தேன் என்று சொன்னேன். எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொன்னேன், நியாயப்படுத்த இல்லை, நடந்ததைச் சொல்ல. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி இருந்தது, ஒருக்கால் செய்து காட்டுங்கோ என்று கேட்டார். முயன்றேன். என் காதுக்குள் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. வாயைத் திறந்தால் என் கிழட்டுக் குரல்தான் வருகிறது. மூன்று தரம் முயன்றேன். போதும் அக்கா என்று என் கையைப் பிடித்தார்.

அவர் போன பிறகு, கைபேசியிலேயே கொரியப் படங்களும் தொடர்களும் பார்க்கிற என் பேத்தி, அன்ரியின் படம் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தாள். இளம் வயதில், மழையில், ஒரு ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு எதையோ சொல்லி அழுகிறார்.

"அம்மம்மா, சவுண்ட் இல்லையே?" என்றாள் பேத்தி.

நான்தான் குறைத்து வைத்திருந்தேன்.