மாமா வரும் நேரம்

தஞ்சாவூரில் தலைக்காய வார்டில் எனக்கு அன்று முதல் நாள். பூங்கொடியின் கட்டிலருகே நின்று டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: "சிஸ்டர், இந்தப் பொண்ணைக் குனிய விடாதீங்க."

வலங்கைமான் பக்கத்துப் பெண். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்தவள். மண்டையோட்டின் அடியில் மெல்லிய விரிசல். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அதன் வழியே மூக்கில் சொட்டியது. பார்த்தால் ஜலதோஷம் போலத்தான் இருக்கும். ஆனால் அதே வழியில் கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல், உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஆறிவிடும். தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முக்காமல் மலம் போக சிரப் உண்டு. மற்றபடி சும்மா படுத்திருப்பதுதான் வைத்தியம். நம் வீட்டுப் பெண்களுக்கு அதைவிடக் கஷ்டமான வைத்தியம் ஏது?

மூக்கின் கீழ் வைத்த காஸ் துணி பகலெல்லாம் காய்ந்திருக்கும். சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் நனைந்திருக்கும்.

"நிக்கலேன்னா முதுகுல ட்யூப் போட்டு அந்த நீரை வடிக்கணும். அதுக்கும் நிக்கலேன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். பூங்கொடி அழுதாள். கணவன் குவைத்தில் இருந்தான்.

அன்று சாயங்காலம் கதவருகே நின்று கவனித்தேன். மாமனார் கஞ்சித் தூக்கோடு உள்ளே வந்தார். இவள் சட்டென்று கட்டிலை விட்டு இறங்கி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு தலை குனிந்து நின்றாள். எனக்கு வந்ததே கோபம்!

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, ஏம்மா இறங்குன?"

"மாமா வந்திருக்காங்க சிஸ்டர். எப்படிப் படுத்துக்கிட்டே இருக்கறது?"

அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். "ஐயா, உங்க மருமக உங்களுக்குக் குடுக்கற மரியாதை மூக்கு வழியா ஒழுகுதுங்க. கொஞ்ச நாள் வராதீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் வரலேன்னா, நம்மள மறந்துட்டாங்கன்னு நெனைச்சுக்கும் சிஸ்டர். அது மனசு தாங்காதும்மா."

மறுநாள் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. அவள் தலைமாட்டுக்குப் பின்னால், வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"எந்திரிக்காதம்மா, நான் உள்ள வரல. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. நாத்து விட்டாச்சு."

முகம் தெரியாததால் அவளுக்கும் கூச்சம் போய்விட்டது. "மேட்டு வயலுக்கும் தண்ணி ஏறுதா மாமா?" என்று படுத்தபடியே கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் இவ்வளவு பேசியதே இல்லையாம்.

காஸ் துணி சாயங்காலமும் காய்ந்தே இருக்க ஆரம்பித்தது. முதுகில் ட்யூப் போடும் வேலையே வரவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் அவர் காலைத் தொடக் குனியப் போனாள். மனிதர் பதறிப் பின்வாங்கினார்.

"குனியாதம்மா! நீ நிமிர்ந்து நின்னாலே எனக்குப் போதும்."

வார்டே பார்க்க நான் அழுதேன். ஓய்வு பெற்றுவிட்டேன், இன்றும் சாயங்காலமானால் அந்த ஜன்னல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அன்றிலிருந்து மூக்கில் நீர் ஒழுகி வந்த எல்லா நோயாளிகளிடமும், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒன்று கேட்பேன்: "யார் வந்தா எந்திரிப்பீங்க?"