அண்ணன் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை

பாண்டி பஜாரில் கணவரோடு பாத்திரக்கடை நடத்தும் பங்கஜத்துக்கு ஒரு வீம்பு உண்டு. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காத கல்யாணத்துக்குப் போகவே மாட்டார். "வாட்ஸ்அப்புல கூப்பிட்டா வாட்ஸ்அப்புலயே சாப்பாடு போடட்டும்" என்பார்.

அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்த சண்டையிலிருந்து அண்ணன் வைரவனோடு அவருக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. அந்த அண்ணனின் நம்பரிலிருந்து ஒருநாள் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. அண்ணன் மகளுக்குக் கல்யாண வயதுதான். பங்கஜத்தின் வீம்பு போன இடம் தெரியவில்லை. அத்தை சீருக்கென்று பீரோவிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து வைத்தார்.

மகள் அனுப்ரியா வாங்கித் தந்த ஐபோனில் பத்திரிகை திறக்கவில்லை. "அண்ணன் கூப்பிடுது, இந்தச் சனியன் தொறக்க மாட்டேங்குதே" என்று திட்டிக்கொண்டே அதைக் கணவரின் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பினார். தெரியாத செயலி, ஆபத்து என்று அந்த போன் எச்சரித்தது. கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தினார். பத்திரிகை வரவில்லை. சாயங்காலத்துக்குள் கணவரின் வங்கிக் கணக்கு துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது.

"அது பத்திரிகையே இல்லம்மா, வைரஸ். ஐபோன்ல ஏறாது, ஆண்ட்ராய்டுல ஏறிடும். மாமா போன்ல பூந்து, அதுல இருக்கிற எல்லா நம்பருக்கும் தானா போயிருக்கு. மாமா அனுப்பல" என்றாள் அனுப்ரியா.

பங்கஜம் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புடவையை மடித்துத் திரும்பப் பீரோவில் வைத்தார். கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார்.

"அப்போ எங்கண்ணன் இன்னும் என் நம்பர அழிக்காமத்தான் வெச்சிருக்கு, இல்ல?"