வேலி மேய்ந்த புல்வெளி

தெருவில் அவருக்கு "வேலி" என்றுதான் பெயர். கோடையிலும் ஈரம் கசியும் அந்தப் புல்வெளியைச் சுற்றிக் கம்பி கட்டிய நாள்முதல் காவலர் அவர்தான். ஊர் மாடெல்லாம் மேய்ந்த இடம் அது. நீளமூக்குப் பறவைகள் அங்கே தரையில் முட்டையிடுகின்றன, காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கம் வேலி போட்டது. மாடுகள் வெளியேறின. ஆனால் சில வருஷங்களில் பறவைகளும் வராமல் போயின! நாணல் மட்டும் ஆளுயரம் வளர்ந்து நின்றது.

இந்தக் கோடையில் கிழக்கு மூலையில் கம்பி தளர்ந்திருந்தது. உள்ளே குளம்புத் தடம்.

"என்னய்யா காவல் காக்கிறே?" என்று அதிகாரி கொதித்தார். "ஒரு வாரத்துல மாட்டைப் பிடி. இல்லேன்னா சட்டையைக் கழட்டி வெச்சிட்டுப் போயிடு."

அந்தக் காக்கிச் சட்டைதான் அவருடைய மானம். அதைப் போட்ட பிறகுதான் மாமனார் வீட்டில் அவருக்கு நாற்காலி கிடைத்தது.

சந்தேகம் முதலில் பால் வியாபாரியான மச்சினன் மேல் விழுந்தது. போய்க் கேட்டார்.

"என் மாடெல்லாம் கட்டுத்தறியிலதான் நிக்குது மாமா. உங்க வீட்டையும் கொஞ்சம் பாருங்க."

அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கிழட்டுக் கறவைப் பசு. ஆற்றங்கரையில் மேய்ப்பதாகத்தான் மனைவி சொல்வாள். அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். கழுவியிருந்தது. கல்யாணமான நாளாய் அவள் செருப்புக் கழுவி அவர் பார்த்ததில்லை.

மறுநாள் காலை டீயை ஒரு வாய் உறிஞ்சியவர் அப்படியே உறைந்தார். காட்டுப் புதினா வாசம்! அது கம்பிக்குள்ளே மட்டும் முளைப்பது.

"டீயில புதினா போட்டியா?"

"இல்லையே."

"அப்ப மாடு போட்டிருக்கு."

அவள் கைக்கரண்டி அந்தரத்தில் நின்றது. கண்கள் கலங்கின.

"வெளியில புல்லெல்லாம் கருகிப் போச்சுங்க. வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்க, எனக்குச் சோறு இறங்குமா?"

"என் கண்ணுல எப்படிடி படாம போனே?"

"நீங்க மேற்கால சுத்துறப்ப நான் கிழக்கால. உங்க நடை எனக்குத் தெரியாதா?"

"வேலியே பயிரை மேஞ்சுதுன்னு ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். ஊரா நம்ம மாட்டுக்குப் புல்லு போடுது?"

வாரம் முடிந்தது. அதிகாரி வந்ததும் முதல் கேள்வியே, "உன் மச்சினன்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சட்டை தப்பிவிடும். அவரோ அதிகாரியைக் கிழக்கு மூலைக்கு அழைத்துப் போனார். மாடு மேய்ந்த இடத்தில் நாணல் ஒடுங்கி, புல் கட்டையாய் இருந்தது. அங்கிருந்து ஒரு பறவை விருட்டென்று எழுந்து கத்தியது. நீளமூக்கு! அது எழுந்த குழியில், புல்லின் நிறத்திலேயே முட்டைகள்.

அதிகாரி அப்படியே குந்திவிட்டார். காவலர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார்.

"மேஞ்சது என் வீட்டு மாடு, சார்."

அதிகாரி முட்டைகளைப் பார்த்தார். அப்பால் பறவையே இல்லாத நாணலைப் பார்த்தார்.

"சட்டையைப் போடுய்யா. பறவை பயப்படுது."

பிறகு யாராவது கேட்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க குஞ்சு பொரிக்கிற வரைக்கும், உன் மாடு மேற்கு மூலைக்கு வருமா?"